ரோயிங் மெஷின்: வெயிட் அப்படியே இருக்கு, உடம்பு மட்டும் மாறுது. பொண்ணுங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கவி_கீழ்க்கட்டளை

எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மெண்ட் ஜிம்ல ஒரு ரோயிங் மெஷின், அதாவது படகுத் துடுப்பு போடற மாதிரி உக்காந்து இழுக்கிற மெஷின், மூலையில கிடக்கு, யாரும் தொடறதே இல்ல, எல்லாரும் ட்ரெட்மில்லுக்குத்தான் காத்துட்டு நிப்பாங்க. அதனால நான் அதுல உக்கார ஆரம்பிச்சேன், இப்ப சில மாசம் ஆச்சு, பசங்களை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு அரை மணி நேரம். எனக்கு 36 வயசு, ரெண்டு டெலிவரி, ரெண்டாவது சிசேரியன், பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை ஹார்மோன் பிரச்சனை காலேஜ் காலத்துல இருந்தே இருக்கு.

விஷயம் என்னன்னா வெயிட் மெஷின்ல நம்பர் அசையவே மாட்டேங்குது, 66 கிலோல ஆரம்பிச்சேன், இப்ப 65 சொச்சம். ஆனா சுடிதார் பேண்ட் நாடாவை முன்னைவிட இழுத்துக் கட்ட வேண்டியிருக்கு. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை பிளவுஸ் எடுத்துப் போட்டேன், ஹூக் சுலபமா மாட்டுச்சு, வயித்துகிட்ட லூசா இருந்துச்சு, ஆனா கையை முன்னாடி நீட்டினா முதுகுல பிடிக்குது, அக்குள்கிட்ட இறுக்குது. மாமியார் பாத்துட்டு "தோளு ஆம்பளை மாதிரி விரியுதும்மா, இதை விட்டுடு"ன்னு அக்கறையாத்தான் சொல்றாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நிஜமாவே தோள் விரியுமா? தொப்பை குறையுமா? வெயிட் குறையாம உடம்பு மாறுதுன்னா உள்ள என்ன நடக்குது? பொண்ணுங்க யாராவது ரொம்ப நாளா பண்றவங்க இருந்தா சொல்லுங்க, நெட்ல பாத்தா எல்லாம் ஆம்பளைங்க வீடியோதான்.

ஊசிநூல்_ஈரோடு

நான் பிளவுஸ் தைக்கறவங்க, இந்த மெஷின் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா அளவு தெரியுங்க. உங்களுக்கு தோள் விரியலைங்க. தோள் அளவுங்கறது இந்த எலும்பு முனையில இருந்து அந்த எலும்பு முனை வரைக்கும் எடுக்கறது, கல்யாணத்துக்கு முன்னாடி அளவு குடுத்தவங்க பேரன் பேத்தி எடுத்த அப்பறமும் வந்து குடுப்பாங்க, அது பெருசா மாறாதுங்க. உங்களுக்கு மாறியிருக்கறது முதுகு அகலம், அதாவது பின்னாடி ஒரு அக்குள் மடிப்புல இருந்து இன்னொரு அக்குள் மடிப்பு வரைக்கும், அப்பறம் ஆம்கோல் சுத்து, அதாவது பிளவுஸ்ல கை இணையற இடத்துச் சுத்தளவு. நீச்சல் போற பொண்ணுங்க, ஜிம்முல வெயிட் தூக்கற பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இதே இடத்துலதான் பிடிக்கும், மார்புக்குக் கீழ உடம்பு சுத்து குறைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு கவனிச்சிருக்கேன். கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து கூன் போட்டவங்களுக்கு பின் உயரத்தைக் கூட்டித்தான் வெட்டுவோம், இல்லைன்னா பிளவுஸ் பின்னாடி மேல ஏறிக்கும். உடற்பயிற்சி பண்ணி நிமிந்தவங்க திரும்ப வந்து அளவு குடுக்கறப்ப அந்தப் பின் உயரம் குறையுதுங்க. உங்க பிளவுஸை சைடு பிரிச்சு விடலாம், உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருப்பாங்க. முன்பக்க டக்கை மட்டும் கொஞ்சம் சேத்துப் பிடிக்கச் சொல்லுங்க.

அடையாறு_துடுப்பு

மேல சொன்னதுதான் சரியான பதில், இதைவிட தெளிவா எந்த கோச்சும் சொல்லிக் கேட்டதில்ல. நான் காலேஜ்ல அடையாறுல படகு ஓட்டினவ, 1867ல ஆரம்பிச்ச மெட்ராஸ் போட் கிளப் இருக்குற அதே ஆறுதான், இப்ப வீட்டுக்கிட்ட ஜிம்ல மெஷின்ல ஓட்டறேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன்.

தோள் விரியுதுங்கிற பயம் எங்க இருந்து வருதுன்னா டிவில ஒலிம்பிக்ஸ் ரோயிங் பாத்துட்டு வருது. அந்தப் பொண்ணுங்க ஆறடி உயரம், அகலமான தோள். ஆனா ரோயிங் பண்ணி அவங்க அப்படி ஆகல, அப்படி நெட்டையா நீளக் கை காலோட பிறந்தவங்களைத்தான் கோச்சுங்க தேடிப் பிடிக்கிறாங்க, நீளமான கை இருந்தா ஒவ்வொரு இழுப்புக்கும் படகு அதிக தூரம் போகும் அதனால. இதுக்கு நல்ல சாட்சி லைட்வெயிட் பிரிவு. 1996 அட்லாண்டால இருந்து 2024 பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸ்னு எடை வரம்போட ரெண்டு பேர் ஓட்டுற போட்டி இருந்துச்சு, பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 59 கிலோவுக்கு மேல போகக் கூடாது, ரெண்டு பேர் சராசரி 57. வருஷக்கணக்கா தினமும் ரெண்டு வேளை ஓட்டுறவங்க அவங்க. ரோயிங்ல உடம்பு தானா பருத்துடும்னா அந்த எடைல யாருமே நிக்க முடிஞ்சிருக்காது. நாம அரை மணி நேரம் பண்றதுக்குப் பயப்பட வேண்டியதே இல்ல.

பொண்ணுங்களுக்கு தசையை வளக்கிற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆம்பளைங்களோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. பிசிஓஎஸ் இருந்தா சிலருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஆனா அதுவும் ஆம்பளை அளவுக்குப் பக்கத்துலகூட வராது. உங்களுக்கு வளந்திருக்கறது அக்குளுக்குக் கீழ இருந்து இடுப்பு வரைக்கும் இறங்குற அகலமான முதுகுத் தசையும், தோள்பட்டை எலும்பு ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தசையும். இத்தனை வருஷமா வேலையே இல்லாம இருந்த தசைங்க, வேலை குடுத்ததும் முதல்ல கொஞ்சம் தெரியற மாதிரி வளரும், அப்பறம் அந்த வேகம் குறைஞ்சிடும்.

சிறுமலை_டீ

தொப்பைக்கு யாரும் பதில் சொல்லலையே. எனக்கு கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும்தான். ரோயிங் பண்ணா வயிறு மட்டும் குறையுமா?

பிசியோ_நிலா

வயிறு மட்டும் குறைக்கிற பயிற்சின்னு எதுவுமே கிடையாது, ரோயிங் இல்ல, கிரஞ்சஸ் இல்ல, பெல்ட் கட்டுறதும் இல்ல. கொழுப்பு எங்க இருந்து முதல்ல போகணும்னு உங்க மரபணுவும் ஹார்மோனும்தான் தீர்மானிக்கும். ஆனா உங்களை மாதிரி கை கால் ஒல்லியா, வயிறு மட்டும் இருக்கறவங்க எடையை விட்டுட்டு இடுப்புச் சுற்றளவைக் கட்டாயம் பாக்கணும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே சர்க்கரை, பிபி ரிஸ்க் கூடுதுன்னு எடுத்துக்கிறோம். அந்த வயித்துக்குள்ள குடலைச் சுத்தி இருக்குற கொழுப்பு மூச்சு வாங்குற மாதிரி தொடர்ந்து பயிற்சி பண்ணா நல்லாவே குறையும், அதுக்கு ரோயிங் ஒரு நல்ல வழி, ஏன்னா கால், முதுகு, கைன்னு பெரிய தசை எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யுது, முட்டி மேல அடி விழறதில்ல.

கவி, உங்க கேள்விக்கு வர்றேன். வெயிட் நிக்குது, நாடாவை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கு, பிளவுஸ் முதுகுல பிடிக்குதுன்னா கொழுப்பு குறைஞ்சு தசை கூடியிருக்கு, அவ்வளவுதான். தசை கொழுப்பைவிட அடர்த்தி, அதே எடைக்கு இடம் கம்மியா எடுக்கும். இன்னொண்ணு, பயிற்சி ஆரம்பிச்சதும் தசைக்குள்ள கிளைகோஜன், அதாவது தசை சேத்து வைக்கிற மாவுச்சத்து, சேமிப்பு கூடும், ஒரு கிராம் கிளைகோஜன் கூடவே ஏறக்குறைய மூணு கிராம் தண்ணியும் உள்ள போகும், அதனால சிலருக்கு முதல் வாரங்கள்ல எடை ஏறக்கூடச் செய்யும், அதைப் பாத்துட்டு எத்தனை பேர் விட்டுட்டுப் போறாங்க தெரியுமா, எனக்கு அதுதான் வருத்தம். பீரியட்ஸுக்கு முந்தின வாரம் தண்ணி கோத்துக்கும், அப்ப டேப் எடுக்காதீங்க, மாசத்துல அதே கட்டத்துலயே எடுங்க, அப்பதான் ஒப்பிட முடியும்.

பிசிஓஎஸ் இருக்கறவங்களுக்கு இதை அழுத்திச் சொல்றேன். எடை ஒரு கிலோகூடக் குறையலைன்னாலும் பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யும். தசைதான் ரத்தத்துல இருக்குற சர்க்கரையை வாங்கி வச்சுக்குற பெரிய இடம். வெயிட் குறையலைன்னு டாக்டரே கோவிச்சுக்கிட்டாலும் நிறுத்தாதீங்க.

நடைப்பழகி

ஒரு மாற்றுக் கருத்து. எங்க அம்மா தலைமுறைக்கு எந்த மெஷினும் இல்ல, நடந்தாங்க, குனிஞ்சு பெருக்கினாங்க, தண்ணி தூக்கினாங்க, ஒல்லியாத்தான் இருந்தாங்க. பார்க்குல ஒரு மணி நேரம் நடந்தா காசும் இல்ல முதுகு வலியும் இல்ல. என் தங்கச்சி இந்த ரோயிங் மெஷின்ல உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் படுத்துட்டா. ஜிம்ல ஒருத்தரும் எப்படி உக்காரணும்னுகூடச் சொல்லலை. எதுக்கு இந்த ரிஸ்க்?

ஈஸ்ட்ஹாம்_அக்கா

நடைப்பழகி அக்கா, நீங்கள் சொல்லுறதில நியாயம் இருக்கு. நான் இஞ்ச லண்டனில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச எந்த லெஷர் சென்டருக்குப் போனாலும் கான்செப்ட்2 எண்ட கம்பனியின்ர ரோயிங் மெஷின் வரிசையா நிக்கும், ஆனா எங்கட சனம் நிறையப் பேர் நடைதான். நடக்கிறது நல்லதுதான், நானும் நடக்கிறன். ஆனா நடையில மேல் உடம்புக்கு வேலையே இல்லை பாருங்கோ. அம்மாக்கள் நடந்து மட்டும் இருக்கேல்லை, நீங்களே எழுதியிருக்கிறீங்கள், தண்ணி அள்ளினவை, சுமந்தவை, இடிச்சவை. அந்த இழுக்கிற வேலை எல்லாம் எங்கட வாழ்க்கையில இருந்து போட்டுது. ரோயிங் அந்த இழுக்கிற வேலையைத் திருப்பித் தருது எண்டுதான் நான் நினைக்கிறன்.

தங்கச்சிக்கு இடுப்புப் பிடிச்சது ஏன் எண்டு எனக்கு ஓரளவு விளங்குது. மெஷினின்ர பக்கத்தில ஒரு நெம்பி இருக்கும், 1 முதல் 10 வரை, அதை டாம்பர் எண்டு சொல்லுவினம். கனபேர் அதை 10இல விட்டுட்டுப் போயிடுவினம், பிறகு வாற ஆக்கள் அப்பிடியே இருந்து இழுக்கினம். 10 எண்டா கூடப் பயிற்சி இல்லை. அது சைக்கிள் கியர் மாதிரி, மெஷினின்ர விசிறிக்குள்ள எவ்வளவு காத்து போகுது எண்டதுதான். எவ்வளவு வேகமா, எவ்வளவு பலமாக் காலால தள்ளுறீங்களோ அதுதான் உங்கட உழைப்பு. 10இல வச்சா ஒவ்வொரு இழுப்பும் பாரமா இருக்கும், அந்தப் பாரம் முழுக்க நாரியில, கீழ்முதுகிலதான் விழும். கம்பனிக்காரரே புது ஆக்களுக்கு 3 முதல் 5 வரை வைக்கச் சொல்லித்தான் சொல்லுகினம். நான் 4இல வைக்கிறன்.

கவி_கீழ்க்கட்டளை

அக்கா, இப்பவே போய்ப் பாத்தேன், எங்க மெஷின்லயும் 10லதான் இருக்கு! யாரோ வச்சதை யாரும் மாத்தவே இல்ல போல. நாளைக்கு 4ல வச்சுப் பாக்குறேன். அப்பறம் ஸ்கிரீன்ல கலோரின்னு ஒண்ணு காட்டுதே, அரை மணிக்கு 250 கிட்ட காட்டுது, அதை நம்பலாமா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா

கவி, அந்தக் கலோரி கணக்கு 175 பவுண்டு, அதாவது 79 கிலோச் சொச்சம் இருக்கிற ஒரு ஆளை வச்சுப் போட்டது. மெஷினுக்கு உங்கட நிறை தெரியாது. அரை மணிக்கு 250 காட்டினா உங்கட நிறைக்கு ஒரு 220 எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. அதை நம்பிச் சாப்பிடாதீங்கோ, ஒரு மசாலா தோசையில அது முழுக்கப் போயிடும்.

கலோரியை விட்டிட்டு ஸ்பிளிட் எண்டு ஒண்டு காட்டும், 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் எண்டு, அதைப் பாருங்கோ. அதிலதான் உண்மை தெரியும். 3:00 எண்டா நீங்கள் 60 வாட் சக்தி குடுக்கிறீங்கள். 2:30 எண்டா 104 வாட். முப்பது செக்கன் குறைக்க எழுபது சதவீதத்துக்கு மேல கூடச் சக்தி வேணும், ஏனெண்டா வேகம் கூடக் கூட அந்தச் சக்தி கன மடங்காக் கூடும். அதனாலதான் ரெண்டு செக்கன் குறைஞ்சாலே எனக்கு அண்டைக்கு முழுக்கச் சந்தோசமா இருக்கும். நிறை குறையாத மாசத்திலயும் ஸ்பிளிட் குறைஞ்சுகொண்டு வரும், அதைக் குறிச்சு வையுங்கோ.

பிசியோ_நிலா

டாம்பர் பத்தி அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். ஆனா 4ல வச்சாலும் முதுகை வளைச்சு இழுத்தா வலி வரும், அதனால நடைப்பழகியோட தங்கச்சிக்காகவும் சேத்து எழுதறேன்.

முக்கால்வாசி பேர் கையால இழுக்கிறாங்க. இது கால் பயிற்சி. முன்னாடி போய் முட்டி மடங்கி இருக்கும்போது கையை நீட்டி, கயிறு மாதிரி தொங்க விட்டுட்டு, பாதத்தால பலகையைத் தள்ளணும், அப்ப உடம்பு சாய்வு மாறக் கூடாது, சீட்டும் ஹேண்டிலும் ஒண்ணா நகரணும். சீட் மட்டும் பின்னாடி ஓடி ஹேண்டில் அங்கேயே நின்னா அத்தனை லோடும் கீழ்முதுகுக்குத்தான். கால் முக்கால்வாசி நீண்டதும் இடுப்பு மூட்டுல இருந்து கொஞ்சம் பின்னாடி சாஞ்சு, கடைசியாத்தான் கை. ஹேண்டில் பிரா பட்டைக்குக் கொஞ்சம் கீழ, கீழ் விலா எலும்புகிட்ட வந்து தொடணும், கழுத்துகிட்ட இல்ல. திரும்பிப் போகும்போது அப்படியே தலைகீழா, முதல்ல கை, அப்பறம் உடம்பு, அப்பறம்தான் முட்டி. முட்டியை முதல்ல மடக்கிட்டு ஹேண்டிலை அது மேல தூக்கித் தாண்ட வைக்கிறதைத்தான் ஜிம்ல அடிக்கடி பாக்குறேன். தள்ளுறதுக்கு ஒரு பங்கு நேரம்னா திரும்பிப் போறதுக்கு ரெண்டு பங்கு. நிமிஷத்துக்கு 20ல இருந்து 24 ஸ்ட்ரோக், அதாவது முழு இழுப்பு, போதும்.

தொப்பை இருக்கறவங்களுக்கு, பிரசவமாகி வயிறு உள்ள போகாதவங்களுக்கு முன்னாடி முழுசா மடங்கிப் போக முடியாது, போகணும்னு கட்டாயமும் இல்ல. பாதப் பலகையை ஒரு துளை கீழ இறக்குங்க, இடுப்புக்கு இடம் கிடைக்கும். முதுகு வளையாம எவ்வளவு முன்ன போக முடியுதோ அவ்வளவு போதும்.

சிசேரியன் ஆனவங்க டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்பறம்தான். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம், காலால தள்ளும்போது சிறுநீர் சொட்டுற மாதிரி இருந்தா இல்ல கீழ ஏதோ இறங்குற மாதிரி பாரமா இருந்தா மூச்சை அடக்கி இழுக்கிறதால இருக்கலாம். தள்ளும்போது மூச்சை வெளிய விடுங்க, வேகத்தைக் குறைங்க, அப்பவும் இருந்தா இடுப்புத்தள தசைக்கு பயிற்சி குடுக்கிற பிசியோவைப் பாருங்க. டெலிவரி ஆனா அப்படித்தான் இருக்கும்னு வருஷக்கணக்கா சகிச்சுக்கிறாங்க, சரிபண்ணக்கூடிய விஷயம் அது.

தென்காசி_அம்மு

நான் எல்லாரையும்விட மூத்தவ, 51 வயசு. நாலு வருஷத்துக்கு முன்ன பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போக ஆரம்பிச்சப்ப எனக்கு உடம்பே வேற யாரோட உடம்போ மாதிரி ஆயிட்டு. சாப்பாடு அதேதான், வேலை அதேதான், ஆனா இடுப்பு கரைஞ்சு வயிறு முன்ன வந்துட்டு, கை தசை எல்லாம் தொளதொளன்னு தொங்குது. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா கொழுப்பு தொடை, இடுப்பை விட்டுட்டு வயித்துக்குப் போகும், தசையும் எலும்பும் தேயும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மக வாங்கிக் குடுத்த மெஷின்லதான் நான் பண்ணுதேன்.

உடம்பு வடிவம்னு கேட்டா எனக்கு என்ன மாறிச்சுன்னு சொல்லுதேன் பாத்துக்கிடுங்க. இடுப்பு இளவயசுல இருந்த மாதிரி வரலை, அது வரும்னு யாரும் எதிர்பாக்காதீங்க. ஆனா கழுத்துக்குப் பின்னாடி திரண்டு இருந்த மேடு தணிஞ்சிருக்கு, நிமிந்து நிக்கேன், பஸ் படிக்கட்டுல கம்பியைப் பிடிச்சு இழுத்து ஏறுத வேலை இல்லை. தொடையில முட்டிக்கு மேல தசை கட்டியா இருக்கு, தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டு கை ஊனாம எந்திரிக்கேன். கோயில்ல பிரகாரம் சுத்திட்டு வந்தாலே மூச்சு வாங்கும் முன்ன, இப்ப இல்லை. என் வயசுக்காரிகளுக்கு இதைவிட வேற என்ன வடிவம் வேணும்.

ஒண்ணு மட்டும், இது உக்காந்து பண்ணுதது. எலும்புக்கு இது மட்டும் போதாது, இடுப்பெலும்பு மேல பாரம் விழணும்லா. அதனால நடையும் உண்டு, மாடிப்படியும் உண்டு, கையில ரெண்டு டம்பெல்லும் உண்டு. நடைப்பழகி சொல்லுததையும் நான் விடலை.

நடைப்பழகி

அம்மு அக்கா சொன்னதைப் படிச்சதும் கொஞ்சம் யோசிக்கத் தோணுது. ஆனாலும் மெஷின் இருக்குற ஜிம்ல எல்லாம் சொல்லிக் குடுக்க ஆள் இருக்கணும்ங்கறதுல நான் மாறல. பொம்பளைங்க உக்காந்தா ஆம்பளை ட்ரெய்னர் கிட்ட வரவே தயங்குறார், தூர நின்னு "நல்லா இழுங்க மேடம்"னு சொல்லிட்டுப் போயிடறார். இழுங்கன்னு சொன்னதாலதான் என் தங்கச்சி கையால இழுத்தா.

அடையாறு_துடுப்பு

நூத்துக்கு நூறு. படகுல ஏத்துறதுக்கு முன்னாடி எங்களை வாரக்கணக்கா கால் மட்டும், உடம்பு மட்டும், கை மட்டும்னு பிரிச்சுப் பிரிச்சுப் பண்ண வச்சாங்க. ஜிம்ல அப்படி ஒண்ணுமே இல்ல. சொல்லிக் குடுக்க ஆள் இல்லைன்னா செல்போனை பக்கவாட்டுல சாத்தி வச்சு ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க, நிலா சொன்ன மாதிரி சீட்டும் ஹேண்டிலும் ஒண்ணா கிளம்புதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

பொண்ணுங்களுக்குன்னு யாரும் சொல்லாத இன்னும் சில விஷயம். குர்தா போட்டுட்டு உக்காராதீங்க, பின்பக்கத் துணி சீட் உருளைக்கு அடியில மாட்டி டக்குனு நிறுத்திடும், டாப்பை உள்ள சொருகிக்கோங்க இல்ல குட்டையா போடுங்க. தாலிச் செயினை ஆடாம டாப்புக்குள்ள போட்டு ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள்ள அடக்கிடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் ஹேண்டில்ல வந்து தட்டும். மெட்டி போட்டிருந்தா பாதப் பட்டை விரலுக்கு மேல போகாம பாதத்தோட அகலமான இடத்துல வரட்டும். உள்ளங்கையில விரலுக்குக் கீழ காய்ச்சுப் போகும், இறுக்கிப் பிடிக்காம விரலைக் கொக்கி மாதிரி மாட்டினா ரொம்பக் குறையும், மோதிரத்தைக் கழட்டிடுங்க. வால் எலும்பு வலிச்சா ஒரு மெல்லிசான குஷன்.

பெண்களுக்கு ஒலிம்பிக்ஸ்ல ரோயிங்கே 1976 மாண்ட்ரியல்லதான் வந்துச்சு, அதுவும் 1000 மீட்டர்தான், ஆம்பளைங்களுக்கு 2000. 1988 சியோல்லதான் நமக்கும் 2000 குடுத்தாங்க. அவ்வளவு தூரம் பொண்ணுங்களால முடியுமாங்கற சந்தேகம் அவ்வளவு நாள் இருந்திருக்கு. அதனால இந்த மெஷினும் வீடியோவும் எல்லாம் ஆம்பளைங்களுக்கானதா தெரியறதுல ஆச்சரியம் இல்ல, ஆனா நாம உக்காந்தாத்தான் அது மாறும்.

புதுசா_வந்தவ

இழை முழுக்கப் படிச்சுட்டு நேத்து போய் உக்காந்தேன், வயசு 24. அஞ்சு நிமிஷத்துலயே நெஞ்சு படபடன்னு அடிச்சு கண்ணு இருட்டுது. எனக்கு ஸ்டாமினா அவ்வளவுதானா, இல்ல எனக்கு இது ஒத்துக்காதா?

பிசியோ_நிலா

நிறுத்தி வச்சுட்டு முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க, முடிஞ்சா உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டினும் தைராய்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்துல ஆக்சிஜன் எடுத்துட்டுப் போக இரும்பு இல்லைன்னா எந்தப் பயிற்சி பண்ணாலும் உங்களுக்கு இப்படித்தான் இருக்கும், அது உங்க சோம்பேறித்தனமும் இல்ல ஸ்டாமினாவும் இல்ல. கண்ணு இருட்டுறது தொடர்ந்தா, நெஞ்சு வலி இருந்தா டாக்டரைப் பாக்காம திரும்ப ஏறவே ஏறாதீங்க. எல்லாம் சரியா இருந்தா, பேசிக்கிட்டே பண்ண முடியற வேகத்துல மூணு நிமிஷம், ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி அஞ்சாறு முறை. வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் சொல்ல முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்.

வெறும் வயித்துல பண்றவங்களும் உண்டு, மயக்கம் வர்றவங்க ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுப் போங்க. அப்பறம் புரதம், நம்ம சாப்பாட்டுல சோறுதான் நிறைய, பருப்பு தண்ணியாத்தான் வருது. தசை வளரணும்னா முட்டையோ, சுண்டலோ, பன்னீரோ, மீனோ ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும். இது இல்லாம ரோயிங் மட்டும் பண்ணிட்டு உடம்பு மாறலையேன்னு கேக்குறவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க.

கவி_கீழ்க்கட்டளை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 4ல வச்சு ரெண்டு வாரமா பண்றேன், முதல்ல ஹேண்டில் காத்துல போற மாதிரி லேசா இருந்துச்சு, அப்பறம் காலால வேகமாத் தள்ளத் தள்ளத்தான் பாரம் பிடிபட்டுச்சு, இப்ப வலி தொடையிலயும் பின்பக்கத்துலயும் வருது, கீழ்முதுகுல வரலை. ஸ்பிளிட் 3:05ல இருந்துச்சு, இப்ப 2:56. மாமியார்கிட்ட ஈரோடு அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், எலும்பு விரியாதுன்னதும் டேப் எடுத்துட்டு வந்து அவங்களே என் தோளை அளந்தாங்க, பழைய பிளவுஸ் அளவேதான். இப்ப அவங்க கேக்குறது என்னன்னா 63 வயசுல முட்டி வலியோட அவங்களும் உக்காரலாமாம்.

பிசியோ_நிலா

தாராளமா, முட்டியை எக்ஸ்ரே பாத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. அவங்களுக்குக் கஷ்டம் பயிற்சி பண்றதுல இல்ல, உக்காந்து எந்திரிக்கறதுலதான். சீட் தரையில இருந்து 36 செ.மீ. உயரம்தான் இருக்கும், பிடிச்சுக்க பக்கத்துல ஆள் வேணும், பாதத்தைப் பட்டைல இருந்து எடுத்ததுக்கு அப்பறம்தான் எந்திரிக்கணும். முட்டியை முழுசா மடக்காம பாதி தூரம் மட்டும், வலி வராத அளவுக்குள்ள. அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

உயரமான காலோடயும் கான்செப்ட்2 மெஷின் வருது, அதில சீட் 51 செ.மீ., கதிரையில இருக்கிற மாதிரி. முட்டு வருத்தம் உள்ள ஆக்களுக்கு அதுதான் சுகம். என்ர அம்மா அதிலதான் செய்யிறா.

சிறுமலை_டீ

வீட்டுல வாங்கி வைக்கலாம்னு பாக்குறேன், எங்களது ரெண்டாவது மாடி, கீழ் வீட்டுக்காரங்க சத்தம் வந்தா சண்டைக்கு வருவாங்க. எது வாங்கலாம்?

தென்காசி_அம்மு

காத்து மெஷின் ஃபேன் மாதிரி இரைச்சல் போடும்மா, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கு, ஆனா தரையில அதிர்வு பெருசா இல்லை, அடியில கனமான ரப்பர் மேட் போட்டா போதும். காந்தத்துல ஓடுதது சத்தமே இருக்காது, ஆனா நிறைய மெஷின்ல காட்டுத நம்பரை மத்த மெஷினோட ஒப்பிட முடியாது. வாங்குததுக்கு முன்ன தண்டவாளம் உன் காலுக்கு நீளமா இருக்கான்னு உக்காந்து நீட்டிப் பாரு, சின்ன மெஷின்ல கால் முழுசா நீளாது. எங்க வீட்டுல இருக்குறது 244 செ.மீ. நீளம், முடிஞ்சதும் ரெண்டா பிரிச்சு கதவுக்குப் பின்னாடி நிறுத்திருவேன், சக்கரம் இருக்கு, ஒத்தை ஆளா தள்ளிரலாம்.